மதுரையில் வீடு பார்க்கிறோம்: ஒருவருக்கு ஒத்தக்கடைப் பக்கம், ஒருவருக்குக் கப்பலூர்

தாமிரபரணியான் · திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் குடும்பத்தோடு மதுரைக்கு மாறுகிறோம். என் மனைவிக்கு ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அலுவலகப் பணி. எனக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். என் தாயாரும் உடன் வருகிறார். முழங்கால் சிகிச்சைக்காக அவரை மாதம் ஒரு முறை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மனைவி காலை பத்து மணிக்கு முன்பே இருக்கையில் இருக்க வேண்டும். எனக்கு எட்டரை மணிக்கு வேலை தொடங்கும். என்னிடம் ஒரு பைக் இருக்கிறது. மனைவி வண்டி ஓட்டுவதில்லை, பேருந்துதான். வாடகை பதினான்காயிரம் வரை கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தரகர் ஒருவர் திருநகர், தெப்பக்குளம், ஐயர் பங்களா, விளாங்குடி ஆகிய நான்கு இடங்களில் வீடு காட்டினார். நான்கு இடத்திலும் அவர் சொன்னது ஒன்றே: "பெரியாருக்கு இருபது நிமிடம் சார்." நாங்கள் இருவருமே பெரியார் பேருந்து நிலையத்தில் வேலை செய்யவில்லை என்று சொல்லியும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. வரைபடத்தில் பார்த்தால் ஒருவர் வேலையிடம் வடகிழக்கு மூலை, மற்றவர் வேலையிடம் தென்மேற்கு மூலை. நடுவில் எங்காவது குடியிருப்பதுதான் நியாயமா, அல்லது யாராவது ஒருவர் பக்கம் சாய வேண்டுமா? ஊரறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மூன்றாவது நிறுத்தம் · திங்கள், இரவு 10.15

திருநகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். யோசிக்காமல் திருநகர் வந்துவிடுங்கள். அகலமான தெருக்கள், மரநிழல், பள்ளிகள், கடைகள் எல்லாம் நடந்து போகும் தொலைவில். கப்பலூர் உங்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. உங்கள் துணைவியார் பேருந்தில் பெரியார் போய், அங்கே மாறி மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் போய், அங்கிருந்து ஒத்தக்கடை வண்டி பிடித்தால் நீதிமன்ற வாசலில் இறங்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள்.

பழங்காநத்தத்தார் · திங்கள், இரவு 10.50

நடுவில் இருப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. தெப்பக்குளம் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒருவர் முழுச் சுமையையும் ஏற்காமல், இருவருக்கும் பாதிப் பாதியாகப் போய்விடும். மாலையில் குளக்கரையில் உட்கார்ந்து காற்று வாங்குவதற்கும் அந்த ஊரில் வேறு இடம் கிடையாது.

வடக்குவெளிவீதி · செவ்வாய், காலை 6.05

தாமிரபரணியான் தம்பிக்கு வணக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முதலில் நடத்துநராகவும் பிறகு நேரக் காப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த ஊரின் காலை நேரத்தைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் மதுரையைக் கோயிலை நடுவில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக விரியும் ஊர் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு ஊரின் நடு என்பது கோயிலும் இல்லை, பெரியார் நிலையமும் இல்லை, வைகை ஆறுதான். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதைத் தாண்டுவதற்குப் பாலங்கள்தாம் வழி, அவற்றில் பெரும்பாலான கூட்டத்தைச் சுமப்பது 1886-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஏ.வி. பாலம். தென்கரையில் சிம்மக்கல், யானைக்கல் பக்கமிருந்து வருகிற அத்தனை வண்டிகளும் வடகரையில் கோரிப்பாளையத்தில் ஏறுகின்றன. அதே கோரிப்பாளையத்துக்குத்தான் தல்லாகுளத்திலிருந்து அழகர்கோயில் சாலைக் கூட்டமும், நத்தம் சாலைக் கூட்டமும், செல்லூர்ப் பக்கத்துக் கூட்டமும், பனகல் சாலையிலிருந்து மருத்துவமனைக்கு வந்துபோகிறவர்களும் சேர்கிறார்கள். நடுநடுவே ஆம்புலன்ஸ் வேறு.

எங்கள் பேச்சில் 'ரன்னிங் டைம்' என்று ஒன்று உண்டு. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த முக்கிய நிறுத்தத்துக்கு வண்டிக்குக் கொடுக்கப்படும் ஓட்ட நேரம். பெரியாரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பிற்பகல் இரண்டு மணி நடையில் ஓட்டுநர் நேரத்துக்கு முன்பே வந்து தேநீர் குடிப்பார். அதே ஓட்டுநர், அதே வண்டி, காலை ஒன்பது மணி நடையில் கால் மணி தாமதமாக வருவார். மறுநாள் ஐந்து நிமிடம். அடுத்த நாள் அரை மணி. தாமதத்தைவிட, அது எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாததுதான் ஆளைக் கொல்லும். நாள்தோறும் சரியாக ஐம்பது நிமிடம் ஆகும் என்றால் அதற்கேற்ப வீட்டை விட்டுக் கிளம்பலாம். முப்பது நிமிடமா எழுபது நிமிடமா என்று தெரியாத வழிக்கு எழுபது நிமிடம் ஒதுக்கித்தான் கிளம்ப வேண்டும். பாதி நாள்களில் அலுவலக வாசலில் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

ஆகவே தம்பி, பேருந்தில் போகிறவர் ஆற்றைக் கடக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் இருக்கும் உலகனேரி வடகரை. உங்கள் மனைவி வடகரையில் குடியிருக்க வேண்டும். நீங்கள் பைக்கில் போகிறவர். உங்களுக்கு ஊருக்குள் நுழையாத வழி ஒன்று இருக்கிறது. உத்தங்குடியில் தொடங்கிப் பாண்டி கோயில், விரகனூர், மண்டேலா நகர் வழியாகக் கப்பலூரில் முடியும் சுற்றுச்சாலை ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதுவும் விரகனூரில் ஆற்றைத் தாண்டத்தான் செய்கிறது; ஆனால் மதகணையை ஒட்டிய அந்த இடத்தில் கோரிப்பாளையத்து நெருக்கடி கிடையாது.

பழங்காநத்தத்தார் சொன்ன நடுவிடம் காகிதத்தில் சரி. தெப்பக்குளத்தில் குடியிருந்தால் உங்கள் மனைவி காமராசர் சாலைப் பக்கமோ குருவிக்காரன் சாலைப் பாலத்துப் பக்கமோ போய் இரண்டு வண்டி மாற வேண்டும். நீங்களும் விரகனூர் வந்து சுற்றுச்சாலையில் பாதிக்கு மேல் ஓட வேண்டும். இருவருமே களைத்து வீடு திரும்புவீர்கள். வரைபடத்தின் நடுவும் வழியின் நடுவும் ஒன்றாக இருக்கும் ஊர் இது கிடையாது.

இளஞ்சிவப்புப் பேருந்து · செவ்வாய், காலை 8.20

இதைப் பேருந்தில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன். கோரிப்பாளையத்தில் வண்டி நின்று பன்னிரண்டு நிமிடம் ஆகிறது என்பதால் நேரம் இருக்கிறது.

மூன்றாவது நிறுத்தம் ஐயா "எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்த எத்தனையோ பேரில் நானும் ஒருத்தியாக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். திருப்பரங்குன்றத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு அப்பால் உள்ள ஓர் அலுவலகத்துக்கு நாள்தோறும் போய் வந்தேன். காலையில் முதல் பேருந்தில் இடம் கிடைத்துவிடும். பெரியாரில் இறங்கி அடுத்த வண்டிக்கு ஓடும்போதுதான் அடி விழும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எனக்கு மாதந்தோறும் பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டுமானால் அந்த வகை வண்டி வரும்வரை நிற்க வேண்டும். அவசரத்துக்கு வந்த வண்டியில் ஏறினால் காசு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் அதுவும் காசு. ஒரே வண்டியில் போய்ச் சேர்ந்தால்தான் சலுகை முழுமையாகக் கைக்கு வரும். இரண்டு, மூன்று வண்டி மாறும்போது நேரத்தைக் கொடுத்துக் காசை மிச்சம் பிடிக்கிறோம், அல்லது காசைக் கொடுத்து நேரத்தைப் பிடிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு பார்க்கும்போது ஆண்களின் கண் வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சாலையைப் பார்க்கிறது. கடைசி நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள நடையை யாரும் பார்ப்பதில்லை. மாலை ஏழேகால் மணிக்கு, கையில் காய்கறிப் பையோடு, தெருவிளக்கு எரியாத முந்நூறு மீட்டர் என்பது பகலில் பைக்கில் கடக்கும் மூன்று கிலோமீட்டரைவிடப் பெரிய தூரம். என் பழைய வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே ஒரு காலி மனை இருந்தது. கருவேல முள் மண்டிய அந்த மனையைத் தாண்டும் வரை நான் நாள்தோறும் கைப்பேசியில் அம்மாவிடம் பேசிக்கொண்டே நடந்தேன். பேச விஷயம் இருந்தது என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

வீடு பார்க்க உங்கள் மனைவியை அழைத்துப் போங்கள். பகலில் வேண்டாம், இருட்டிய பிறகு நிறுத்தத்தில் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள்.

மூன்றாவது நிறுத்தம் · செவ்வாய், மதியம் 1.30

சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பைக்கில் போகிறவன், பேருந்து மாறும் சிரமத்தை என் பெண் கல்லூரிக்குப் போன நாள்களில்தான் பார்த்தேன், மறந்துவிட்டேன். இருந்தாலும் திருநகரின் வாழ்க்கை வசதியை விட்டுக்கொடுத்துப் பேச என்னால் முடியாது. முகூர்த்த நாள்களில் திருப்பரங்குன்றம் சாலை கல்யாண வண்டிகளால் நிரம்பிவிடும் என்ற ஒரு குறையை மட்டும் நானே ஒப்புக்கொள்கிறேன்.

செட்டிகுளத்தான் · செவ்வாய், இரவு 9.05

ஐயர் பங்களா பக்கத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறந்த பிறகு எங்கள் பக்கமே மாறிவிட்டது. செட்டிகுளத்தில் ஏறினால் தல்லாகுளம்வரை ஒரு சிவப்பு விளக்கு இல்லை. வாடகையும் நகருக்குள் இருப்பதைவிடக் குறைவு, காற்றும் நன்றாக இருக்கும். வடகரை என்ற நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. தம்பி இந்தப் பக்கத்தையும் கணக்கில் எடுக்கலாம்.

வடக்குவெளிவீதி · புதன், காலை 5.50

செட்டிகுளத்தான் அவர்களே, பாலத்தில் நானும் என் மகன் வண்டியில் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உங்களை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்று பாருங்கள். தல்லாகுளத்தில். அங்கிருந்து கோரிப்பாளையம் கூப்பிடு தூரம். நத்தம் சாலை நெடுகிலும் முன்பு ஆறேழு இடத்தில் நின்று நின்று வந்த வண்டிகள் இப்போது ஒரே மூச்சில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. நகருக்குள் வேலை உள்ளவர்களுக்கு அப்படியும் லாபம்தான். இவருக்கோ நகருக்குள் வேலையே இல்லை. ஐயர் பங்களாவிலிருந்து உலகனேரிக்கும் நேர் பேருந்து பிடிப்பது எளிதன்று, கப்பலூரோ ஊரின் மறுகோடி.

பழங்காநத்தத்தார் · புதன், காலை 10.10

அப்படியானால் மெட்ரோவை ஏன் யாரும் பேசவில்லை? திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்கு ரயில் வருவதாகத்தானே திட்டம்? கப்பலூர் ஒரு முனைக்கு அருகில், நீதிமன்றம் மறுமுனைக்கு அருகில். இவர்களுக்காகவே போட்டது போல இருக்கிறது.

கண்மாய்க்கரை · புதன், காலை 11.45

இருந்திருந்தால் இவர்களுக்காகவே போட்டது போலத்தான் இருந்திருக்கும். 32 கிலோமீட்டர் அளவுக்குத் திட்ட அறிக்கை தயாரித்து மாநில அரசு 2024-இல் டெல்லிக்கு அனுப்பியது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்ற காரணத்தைக் காட்டி ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அதைத் திருப்பிவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. சுற்றுப்புறத்தைச் சேர்த்தாலும் பதினைந்து லட்சத்துக்கு உள்ளேதான். நாளைக்கு அது மறுபடி உயிர்பெறலாம். ஆனால் உங்கள் மனைவி வேலையில் சேர்வது ஜூன் மாதம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நம்பி வீடு பிடியுங்கள்.

நான் கட்டடப் பொறியாளர். பயணத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டதால் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவும் பயணத்தோடு தொடர்புடையதுதான். மதுரையின் வடக்கும் கிழக்கும் கண்மாய்களால் ஆன நிலம். வண்டியூர்க் கண்மாய், செல்லூர்க் கண்மாய், அவற்றை இணைத்த கால்வாய்கள் என்று ஒரு காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழிந்த இடங்களில்தான் இன்றைய மனைப்பிரிவுகள் பல இருக்கின்றன. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கத் தெருக்களில் நீர் புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஒரு தெருவில் குடியிருந்தால், அலுவலகம் மூன்று கிலோமீட்டரில் இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்கள் வீட்டை விட்டு வண்டியை வெளியே எடுக்க முடியாது.

ஆகவே வீட்டுக்குள் நுழைவதற்கு முன் தெருவைப் பாருங்கள். சாலை மட்டத்தைவிட வாசற்படி தாழ்ந்திருக்கிறதா? புதிய சாலை மேல் சாலையாகப் போட்டு உயர்த்தியிருப்பார்கள். பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கும். மதில் சுவரின் வெளிப்பக்கம் ஒரே உயரத்தில் பாசிக் கோடு தெருக்கோடிவரை ஓடினால் அது நீர் நின்ற அளவு. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தால் எதிர்வீட்டுச் சுவரைப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் உங்களுக்காக அடித்திருக்க மாட்டார். பிறகு வீட்டுக்குள் போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. கையோடு ஒரு சோப்புத் துண்டைக் கொண்டுபோய் நுரை வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. மாநகராட்சி நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த நேரத்தில் வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் பிடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றால் ஏழரை மணி வண்டியை நீங்கள் மறந்துவிட வேண்டியதுதான்.

தாமிரபரணியான் · புதன், இரவு 10.30

இத்தனை அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. திருநகரையும் விளாங்குடியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். இளஞ்சிவப்புப் பேருந்து சகோதரி எழுதியதை மனைவி இரண்டு முறை படித்துவிட்டு, "இவரைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றார்.

ஆனால் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. சுற்றுச்சாலையில் நாள்தோறும் போய்வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் ஓட்டுவது சரிப்படுமா? கனரக லாரிகள் போகும் சாலை. மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் 1,250 கிலோமீட்டருக்கு மேல். என் பழைய பைக் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோல் மட்டும் மாதம் இருபத்தைந்து லிட்டர். இருட்டில் திரும்புவதை நினைத்தால் தாயார் இப்போதே கவலைப்படுகிறார். அவரை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவமனைப் பக்கம் இருப்பது நல்லதோ?

வடக்குவெளிவீதி · வியாழன், காலை 6.20

மாதம் ஒரு நாள் போகும் இடத்தை நினைத்து, மாதம் ஐம்பது நடை போகும் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். மருத்துவமனைக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். வடகரையில் எங்கிருந்தாலும் அது பெரிய செலவாகாது.

பைக்கைப் பற்றி நீங்கள் அஞ்சுவது சரிதான். நானும் சுற்றுச்சாலையில் இரவு நேரத்தில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்களிடம் ஒரு கேள்வி: நிறுவனத்தில் வேன் ஓடுகிறதா என்று கேட்டீர்களா? கப்பலூர் தொழிற்பேட்டையில் சில நிறுவனங்கள் தம் ஆட்களுக்காக வேன் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அது எந்த வழியாக, எத்தனை மணிக்கு, எங்கெங்கே நிற்கிறது என்பதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். வீடு தேடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கும் இப்போதுதான் தோன்றியது.

தாமிரபரணியான் · வியாழன், பிற்பகல் 3.15

ஐயா, வெட்கத்தோடு எழுதுகிறேன். மனிதவளப் பிரிவில் கேட்டேன். இரண்டு வேன்கள் ஓடுகின்றனவாம். ஒன்று காளவாசல், பழங்காநத்தம் வழி. மற்றொன்று காலை ஏழரை மணிக்கு மாட்டுத்தாவணியில் கிளம்பி உத்தங்குடி, பாண்டி கோயில், விரகனூர் வழியாகச் சுற்றுச்சாலையிலேயே வருகிறது. பணி நியமனக் கடிதத்தோடு வந்த தாளில் இது இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. நான் சம்பளம் உள்ள முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வடக்குவெளிவீதி · வியாழன், மாலை 4.00

விடை கிடைத்துவிட்டது. உத்தங்குடி, உலகனேரி, மாட்டுத்தாவணியை ஒட்டிய கே.கே. நகரின் கிழக்குப் பக்கம். இந்த மூன்றுக்கு வெளியே போகாதீர்கள். உங்கள் மனைவிக்கு மேலூர்ச் சாலையில் ஒரே வண்டி. ஒத்தக்கடைப் பேருந்தோ மேலூர்ப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ எது வந்தாலும் நீதிமன்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பழங்காநத்தத்தார் · வியாழன், மாலை 5.25

ஒரு மூலைக்கே போய்விடுகிறீர்கள், இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு ஒன்று. தரகர் ஒத்திக்கு வீடு காட்டுவார். "ஏழு லட்சம் கொடுத்துவிட்டால் மூன்று ஆண்டுக்கு வாடகையே இல்லை" என்பார். கையில் மொத்தமாகப் பணம் இருந்தாலும் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். முதல் ஆண்டு பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் இருங்கள். வேன் வழி மாறலாம், வேலையே மாறலாம். ஒத்திப் பணத்தைத் திருப்பி வாங்குவதற்காக, பயணம் ஒத்துவராத ஒரு வீட்டில் நான் ஓராண்டு கூடுதலாகக் குடியிருந்தேன். வீட்டுக்காரர் அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் எனக்குப் பணம் தர முடியும் என்றார். அடுத்தவர் வந்து பார்க்கும்போதெல்லாம் நான் வீட்டைப் புகழ்ந்து பேச வேண்டியிருந்தது.

கண்மாய்க்கரை · வியாழன், இரவு 8.40

உத்தங்குடியில் மேலூர்ச் சாலைக்குத் தெற்கே உள்ள தெருக்களைப் பார்க்கும்போது நான் சொன்ன பாசிக் கோட்டை மறக்க வேண்டாம். ஒரு மனைப்பிரிவில் முதல் தெரு மேடாகவும் மூன்றாம் தெரு பள்ளமாகவும் இருக்கும். ஊரின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இளஞ்சிவப்புப் பேருந்து · வெள்ளி, காலை 8.35

திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: பாண்டி கோயில் பக்கம் ஞாயிறுதான் நெரிசல், கிடா விருந்துக்கு வரும் வேன்கள் சாலையோரம் முழுக்க நிற்கும். உங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் அதை விருந்துக்குப் போகும் வாய்ப்பாக வைத்துக்கொள்ளலாம்.

சித்திரைத் திருவிழாவையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் மாலை மாற்று, பௌர்ணமியன்று ஆற்றில் அழகர் இறங்குவது என்று அந்த நாள்களில் வடகரையில் பேருந்துகள் எந்த வழியில் போகும் என்று அழகருக்கே வெளிச்சம். அதற்குத் தீர்வு எதுவும் கிடையாது. விடுப்பு எடுத்துக்கொண்டு நாமும் போய் நிற்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

தாமிரபரணியான் · செவ்வாய், இரவு 9.10

நேற்று நானும் மனைவியும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். நான் காலை ஏழேகால் மணிக்கு உத்தங்குடி சந்திப்பில் நின்றேன். வேன் ஏழு முப்பத்தெட்டுக்கு வந்தது. எட்டு இருபதுக்குத் தொழிற்சாலை வாசல். வழியில் பதினைந்து நிமிடம் தூங்கிவிட்டேன். மனைவி ஒன்பது மணிக்கு அதே சந்திப்பில் ஏறி ஒன்பதேகாலுக்குள் நீதிமன்ற வாசலில் இறங்கிவிட்டார். எட்டரை மணிக்கு வீட்டு வேலை முடித்தால் போதும் என்பதை அவர் நம்பவே இல்லை.

மாலையில் மூன்று வீடுகள் பார்த்தோம். முதல் வீட்டில் எதிர்வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பாசிக் கோடு. இரண்டாவது வீடு அழகாக இருந்தது; நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார், அதோடு அதை விட்டோம். மூன்றாவது கீழ்த்தள வீடு. படுக்கையறை சிறியது, சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது. போர் தண்ணீர் லேசான உப்பு; சோப்பு கொஞ்சம் யோசித்துவிட்டு நுரைத்தது. ஆனால் நிறுத்தத்திலிருந்து நான்கு நிமிட நடை, வழியில் ஒரு மருந்துக்கடை, ஓர் இட்லிக் கடை, இரண்டுமே இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். வாடகை பதிமூன்றாயிரம். பதினொரு மாத ஒப்பந்தம். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை படுத்திருப்பது முழுதாகத் தெரிகிறது. தாயாருக்கு அது பிடித்துவிட்டது. முன்பணம் கொடுத்துவிட்டோம்.

மூன்றாவது நிறுத்தம் · செவ்வாய், இரவு 9.45

வாழ்த்துகள். விடுமுறை நாளில் திருநகர் பக்கம் வாருங்கள், சமையலறையில் இரண்டு பேர் நிற்கும் வீடு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

தாமிரபரணியான் · நான்கு மாதங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.30

இந்த இழையை யாராவது தேடி வந்து படிப்பார்கள் என்பதால் நிலவரத்தைப் பதிவு செய்கிறேன். வேன் இதுவரை மூன்று நாள் வரவில்லை. அந்த நாள்களில் பைக்கில் போனேன், இருட்டுவதற்குள் திரும்பினேன். மழை ஒரு முறை நன்றாகப் பெய்தது. எங்கள் தெருவில் நிற்கவில்லை, மூன்றாம் தெருவில் நின்றது. மனைவி மாலை ஆறரைக்குள் வீட்டில் இருக்கிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பேச்சை விட்டுவிட்டார். குறை என்றால் துணிமணி வாங்க விளக்குத்தூண் பக்கம் போவதுதான். அரை நாள் போய்விடுகிறது. மாதம் ஒரு முறைதானே என்று வடக்குவெளிவீதி ஐயாவின் கணக்கைச் சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். அடுத்த மாதம் மாடி வீடு காலியாகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

செட்டிகுளத்தான் · ஞாயிறு, மாலை 6.52

தம்பி, அந்த மாடி வீட்டுக்கு வாடகை எவ்வளவு சொல்கிறார்? என் மகளுக்கு ஒத்தக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது.